அக்காவின் ராஜாவைத் துரத்திய ஒரு வாரம்

அந்தமானுக்குப் போகிறேன் என்றதும் மில் கேண்டீனில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் ஏறு, பவளப்பாறையைப் பார், சிப்பி வாங்கி வா. நான் போனது செஸ் ஆட. அதுவும் என் அக்காவோடு. அதிலும் ஜெயித்தே தீர வேண்டும் என்கிற கட்டாயத்தோடு. இதைச் சொல்லியிருந்தால் லீவு கிடைத்திருக்காது. அதனால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அக்கா கல்யாணமாகி அந்தமான் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அத்தான் அங்கே படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் அவள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாகக் கண்டுபிடித்தார்கள். மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். நான் அவளுடைய ஸ்கேன் படங்களைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கும் மதுரைக்குமாகப் பேருந்தில் அலைந்து, நல்ல டாக்டராகப் பிடித்து, ஆபரேஷனுக்கு நாளும் வாங்கிவிட்டேன். அக்கா போனில் ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"நான் வரலைலே."

கெஞ்சினேன், திட்டினேன், பேச்சை நிறுத்தினேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒருநாள் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். "இங்க வந்து என்னை ஒரு ஆட்டம் ஜெயி. எத்தனை ஆட்டம் வேணும்னாலும் ஆடிக்கோ. ஒண்ணு ஜெயிச்சா வாரேன். டிரா ஆனா கணக்கில்ல."

எங்கள் வீட்டில் சின்ன வயசிலிருந்தே எந்தத் தகராறும் செஸ் பலகையில்தான் தீரும். ஜன்னலோரம் யார் படுப்பது, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது எல்லாம். குடத்தை எப்போதும் நான்தான் தூக்கியிருக்கிறேன். ஒரே ஒரு ஆட்டம்கூட அவளை ஜெயித்ததில்லை. அது தெரிந்துதான் நிபந்தனை போட்டிருக்கிறாள். தெரிந்தும் கிளம்பிப் போனேன்.

விமானம் மழைக்குள் இறங்கியது. எங்கள் ஊரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை அங்கே ஒரு காலையில் கொட்டித் தீர்ப்பார்கள் போலிருந்தது. ஆட்டோ பிடித்துச் சாத்தம் படகுத்துறைக்குப் போனேன். அக்கா வீடு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் மனிதர்களும் ஒன்றாக ஏறுகிற பெரிய படகு. ஏறியாயிற்று. ஏறிய பிறகு, வண்டிகள் ஏறி வந்த இரும்புப் பலகை மேலே எழ மாட்டேன் என்று அடம் பிடித்தது. பலகை ஏறாமல் படகு கிளம்பாது. ஒருவர் சுத்தியலால் தட்டினார், இன்னொருவர் தட்டுகிறவருக்கு யோசனை சொன்னார். என்னைத் தவிர ஒருவருக்கும் அவசரமில்லை.

பக்கத்தில் இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கார் நிக்கோபார் தீவில் வேலை பார்க்கும் அரசு ஊழியர். கப்பலுக்காகக் காத்துக் கிடக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் புரிந்துகொண்டது இது.

"கப்பல் எப்போது?"

"நாளைக்கு."

"நேற்றும் நாளைக்கு என்றுதானே சொன்னார்கள்?"

"ஆமாம். நாளைக்குத்தான்."

இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்க்கரையில் அத்தான் குடையோடு நின்றார். நான் கோவில்பட்டியிலிருந்து கட்டிக்கொண்டு போன கடலைமிட்டாய் அதற்குள் பையோடு கரைந்து பாகாகியிருந்தது. மேட்டில் இருந்த வீட்டுக்கு ஏறினோம். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"முடியெல்லாம் கொட்டிப் போச்சேலே. சரி, குளிச்சிட்டு வா. காய் அடுக்கி வைக்கேன்."

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்த யாரோ படாக் என்கிற அந்த ஊர் மரத்தின் துண்டுகளில் கடைந்து கொடுத்த காய்கள். ஒரு படை சிவப்பு, இன்னொன்று வெளிர் நிறம் என்பது ஆதி ஏற்பாடு. வருஷக்கணக்கில் கை பட்டு, ஈரம் குடித்து, இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. அடையாளத்துக்காக ஒரு படைக்கு மட்டும் அக்கா நெயில் பாலிஷில் பொட்டு வைத்திருந்தாள். பொட்டு வைத்தவர்கள் என் ஆட்கள். இரண்டு தடவை என் சிப்பாயை நானே வெட்டப் போனேன்.

நான் தயார் செய்யாமல் போகவில்லை. மாதக்கணக்கில் போனில் ஆடிப் பழகியிருந்தேன். முதல் நடையாக ராஜாவின் சிப்பாயை ஜம்மென்று இரண்டு கட்டம் வைத்தேன். அக்கா அதை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தாள்.

"ஒரு கட்டம்தான்."

"உலகம் பூரா ரெண்டு கட்டம்க்கா."

"உலகத்தோடயா ஆட வந்திருக்க? இது அப்பா ரூல்."

அப்பா ரூலை நான் மறந்தே போயிருந்தேன். அதன்படி எந்தச் சிப்பாயும் முதல் நடையில் ஒரு கட்டம்தான் போகும். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய்க்கு நினைத்தபடி ராணி கிடைக்காது. எந்தப் பாதையில் போய்ச் சேர்ந்ததோ அந்தப் பாதைக்காரராகத்தான் எழுந்திருக்கும். யானையின் பாதையில் போனால் யானை, குதிரையின் பாதையில் போனால் குதிரை. நான் மனப்பாடம் செய்த தொடக்கங்கள் மொத்தமும் முதல் நிமிஷத்திலேயே குப்பைக்குப் போயின. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு ஆட்டம் தோற்றேன். சாயங்காலம் என்று சொல்வதுகூடத் தப்பு. அந்த ஊரில் நாம் டீ குடிக்கிற நேரத்துக்கு இருட்டிவிடுகிறது. காலையில் பால்காரர்கூட எழுந்திருக்காத நேரத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது. ஊருக்கே கடிகாரத்தைத் திருத்தி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு மீன் குழம்பு. மத்தியானம் மீன் வறுவல். ராத்திரி காலைக் குழம்பின் மிச்சம். நான் கரிசல்காட்டுக்காரன், மீன் எனக்கு வாரத்துக்கு ஒருநாள் போதும். தக்காளி ரசமாவது வைக்கக் கூடாதா என்று அத்தானைக் கேட்டேன். சமையல் அவர்தான்.

"தக்காளிக்கு எங்க போக மாப்ளே? மெயின்லேண்ட் கப்பல் வந்தாத்தான் தக்காளி. வெங்காயமே இழுத்துப் பிடிச்சு ஓடுது."

குழம்பில் கொல்லையில் காய்க்கிற பிலிம்பிக்காயைப் போட்டுப் புளிப்பேற்றியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கிறவன் நாக்குக்கு எதுவும் நன்றாக இருக்காது.

பக்கத்து வீட்டு பிஸ்வாஸும் அன்றைக்கு வந்து சேர்ந்தார். வங்காளி, தச்சு வேலை செய்து இப்போது சும்மா இருப்பவர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேருக்கும் யோசனை சொன்னார். எனக்குச் சொல்கிற யோசனையை அக்காவுக்கு இந்தியில் சொன்னார். அவள் அதை எனக்குத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டு, அதற்குப் பதில் நடையையும் அவளே வைத்தாள். அன்றைக்கும் இரண்டு ஆட்டம் போனது.

மூன்றாம் நாள் ஆட்டமே கிடையாது என்றாள். வண்டூரில் அவளுடைய பழைய மாணவி வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. படகு, பிறகு பஸ். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்துகொண்டு பாட்டுப் போட்டார். பயணிகள் சேர்ந்து பாடினார்கள். நான் ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏம்லே டென்ஷன் ஆவுத? வேற பஸ் வரும். வரலைன்னா இது கிளம்பும்" என்றாள் அக்கா.

"நாலு நாள்தான் இருக்கு எனக்கு."

"நாலு நாள்ல நாலு ஆட்டம் தோக்கலாம். போதாதா?"

வண்டூரில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்தபோதுதான் அதைக் கவனித்தேன். கொஞ்ச தூரம் போவாள், நிற்பாள். நின்ற இடத்தில் எதையாவது பிடித்துத் திட்டுவாள். இந்த வேலியை எவன் கட்டினான், இப்படியா வலையைக் காயப்போடுவது, ஏய் தம்பி, சைக்கிளை நடு ரோட்டிலா விடுவது. திட்டி முடிக்கும்போது மூச்சு திரும்பியிருக்கும். மறுபடி நடப்பாள். ஊரே டீச்சர் கோபக்காரி என்று சிரித்துக்கொண்டு போனது. அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

நான்காம் நாள் தோற்றேன். ஐந்தாம் நாளும் தோற்றேன். ஐந்தாம் நாள் மத்தியானம் எனக்குப் பொறுமை போய், காய்களைக் கையால் தள்ளிவிட்டேன்.

"நீ சாகறதுக்கு நான் செஸ் ஆடணுமா? நல்ல டாக்டர், நல்ல ஆஸ்பத்திரி, நாள் குறிச்சாச்சு. பைத்தியமா உனக்கு?"

அக்கா உருண்ட காய்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினாள். அத்தான் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"மாப்ளே, என்னைய அவ அந்தப் பேச்சே எடுக்க விடமாட்டா. படுத்துத் தூங்கி ரெண்டு மாசமாச்சு. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்த வாக்குலதான் தூங்குதா. சொன்ன சொல்ல மாத்த மாட்டா, அது தெரியும். எப்பிடியாவது ஒண்ணு ஜெயிச்சிருங்க."

எப்பிடியாவது என்றால் எப்பிடி என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் கருவாட்டைப் புரட்டிப் போடப் போய்விட்டார்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை விமானம். அக்கா பேருக்கும் இடம் வாங்கித்தான் வைத்திருந்தேன். காலை ஆட்டத்தை வழக்கம்போல் தோற்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி ஆட்டத்தைத் தொடங்கினோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நடு ஆட்டத்தில் பிஸ்வாஸ் குடையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"டீச்சர், ஜஹாஜ் ஆ கயா. டமாட்டர் வந்தாச்சு."

கப்பல் வந்துவிட்டது, தக்காளியும் வந்துவிட்டது. அக்கா முகம் அப்படியே மலர்ந்தது. என்ன விலை, எந்தக் கடை, பழமாக இருக்கிறதா, அடிபட்டிருக்கிறதா என்று திரும்பி உட்கார்ந்து விசாரித்தாள். அத்தானைப் பையோடு துரத்தினாள். அந்தச் சுவாரசியத்தில் கையைப் பின்னால் நீட்டி ஒரு நடை வைத்தாள். அவளுடைய குதிரை என் யானைக்கு நேராக வந்து நின்றது. நான் மூச்சுவிடாமல் வெட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அட" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பக்கம் வேறு ஒரு ஆள் உட்கார்ந்து ஆடுவதுபோல் ஆடினாள். ஒவ்வொன்றாக என் சிப்பாய்களைத் தீர்த்தாள். கடைசியில் யானைக்கு யானை வெட்டு கொடுத்தாள். எல்லாம் அடங்கியபோது அவளிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜா, ஒரு குதிரை, மந்திரியின் பாதையில் ஒற்றைச் சிப்பாய். தடுக்க ஆளில்லை. நாலு எட்டில் கடைசி வரிசை.

போன் ஆட்டமாக இருந்தால் அங்கே ராணி எழுந்திருக்கும். அத்தோடு கதை முடிந்தது. அப்பா ரூலில் வெறும் மந்திரி.

அக்கா சாய்ந்து உட்கார்ந்தாள். "தாராளமா கொண்டு போ. மந்திரியும் குதிரையும் வெச்சு அப்பாவே ராஜாவைக் கட்டினதில்ல. நம்ம வீட்ல அது டிராதான்."

யோசித்துத்தான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அவளுக்கு டிரா போதும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு காய்கள் மிஞ்சினால் பலகையை மூடிவிட்டுச் சாப்பிடப் போவோம். முடியாது என்று அப்பா சொன்னதை யாரும் முயற்சிகூடச் செய்து பார்த்ததில்லை. ஆனால் முடியும். போனில் ஒரு பயிற்சிப் பாடம் இருக்கிறது. மந்திரி, குதிரை, ராஜா மூன்றும் சேர்ந்து தனி ராஜாவை நகர இடமில்லாமல் கட்டுவது எப்படி என்று. நடைமுறையில் அநேகமாக வராது என்று அதிலேயே போட்டிருக்கும். மதுரைக்கு அவள் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு போன பேருந்துகளில் வேறு வேலை இல்லாமல் அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பாதித் தடவைதான் சரியாக வரும்.

"டிரா இல்லக்கா. ஆடுவோம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தனி ராஜாவுக்கு அம்பது நடை. அதுக்குள்ள கட்டணும். பிஸ்வாஸ், நீங்க எண்ணுங்க."

என் சிப்பாய் கடைசி வரிசையில் மந்திரியாக எழுந்ததும் பிஸ்வாஸ் உற்சாகமாக விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். அங்கே ஆரம்பித்தது என் தலைவலி. என் மந்திரி கறுப்புக் கட்டங்களில் மட்டும் போகிறவர். அதனால் கறுப்பு மூலையில்தான் ராஜாவைக் கட்ட முடியும். வெள்ளை மூலையில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலு நடையில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நேராக வெள்ளை மூலைக்குப் போனாள்.

அங்கிருந்து அவளை ஓரமாகவே தள்ளிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு ஒரு செக் சொன்னால் போதும், நடுவே ஓடிவிடுவாள். எனக்கோ பிறவி அவசரம். ஒவ்வொரு நடைக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிஸ்வாஸ் இந்தியில் "சீக்கிரம் செக் கொடு, செக் கொடு" என்றார். அத்தான் தக்காளிப் பையோடு வந்து ஈர வேட்டியோடு நின்றார். ஒருத்தரும் டீ போடப் போகவில்லை.

ஒரு கட்டத்தில் அவள் ராஜா ஓரத்தை விட்டு நடுவை நோக்கித் தாவியது. துரத்தக் கூடாது. துரத்தினால் போச்சு. பேருந்தில் நான் கோட்டை விட்டதெல்லாம் இந்த இடத்தில்தான். குதிரையைச் சத்தமில்லாமல் ஒரு கட்டத்தில் நிறுத்தினேன். அடுத்த நடையில் மந்திரியை நீளக் கோட்டில் வைத்தேன். கதவு அடைபட்டது. அக்கா குனிந்து பலகையைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

அப்போது பிஸ்வாஸ் "நாப்பத்தஞ்சு" என்றார். எனக்கு இன்னும் ஏழெட்டு நடை வேண்டும். தெரிந்துவிட்டது, எட்டாது.

"அதெப்படி? தக்காளியைப் பாக்கத் திரும்பினீங்களே, அப்ப தப்பா எண்ணிட்டீங்க" என்றேன். அவர் இல்லை என்றார். அத்தான் நாற்பது இருக்கும் என்றார். நான் முப்பத்தைந்துகூட இல்லை என்றேன். நான் தமிழிலும் அவர் வங்காளியிலும் அத்தான் இந்தியிலுமாகச் சண்டை போட்டோம்.

"முப்பத்தொம்பது" என்றாள் அக்கா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எண்ணிட்டுதான் இருக்கேன். ஆடு."

கணக்கு டீச்சர் சொன்ன பிறகு பேச்சில்லை. நாற்பத்தைந்து என்று விட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆடினேன். ராஜா ஓரம் ஓரமாகக் கறுப்பு மூலைக்குப் போனது. குதிரை ஒரு செக். ராஜா மூலைக்குள் நகர்ந்தது. மந்திரி ஒரு செக். ராஜாவுக்குப் போக இடமில்லை.

பிஸ்வாஸ் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அத்தான் தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அரை நூற்றாண்டாகக் காத்திருந்த ஜெயிப்பு. எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். அக்கா கட்டுண்ட ராஜாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"முடியாதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "நீ ஜெயிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் அந்தச் சொல்லச் சொன்னேன். நீ தோத்துப் போயிருந்தா, நான் இங்கனயே மெதுவா இருந்திருப்பேன். எம் மேலயும் குத்தமில்ல, உம் மேலயும் குத்தமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்குலே. மயக்க ஊசி போட்டா முழிக்க மாட்டேன்னு தோணிக்கிட்டே இருக்கு."

ஒரு வாரமாக அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபம் எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இனி அது கிடையாது. அவளை இந்த மேட்டிலிருந்து இறக்கி, கடல் தாண்டிக் கூட்டிப்போய், அந்த மேசையில் படுக்க வைக்கப் போகிறவன் நான். அவள் முழிக்காவிட்டால் அது நான் ஜெயித்ததால்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் தோற்றால் தேவலை என்று இருந்தது.

"அக்கா, இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றேன்.

அவள் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டாள். பொட்டு வைத்தவை, வைக்காதவை எல்லாம் ஒன்றாக. மூடியை அழுத்தி மூடினாள்.

"எதுக்குலே? ஜெயிச்சாச்சுல்ல. நான் வாரேன்."